பாரதி படைப்புகளின் நாட்டுடைமையும் வழக்கறிஞர் தி.சு. அவினாசிலிங்கமும்: பதிப்புரிமைக் கொள்கை நோக்கில் ஒரு வாழ்க்கை வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூரில் பிறந்து, வழக்கறிஞராகப் பயின்று, விடுதலைப் போராட்ட வீரராகவும் கல்வியாளராகவும் அறியப்பட்டவர் தி.சு. அவினாசிலிங்கம் (1903–1991). அவரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அவர் நிறுவிய கல்வி நிலையங்களையே முதன்மைப்படுத்துகின்றன. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக 1946 முதல் 1949 வரை அவர் பணியாற்றிய காலத்தில்தான் சுப்பிரமணிய பாரதியின் படைப்புகள் நாட்டுடைமை ஆயின. இந்நிகழ்வை உணர்ச்சி வரலாறாகக் காணாமல் ஒரு பதிப்புரிமைக் கொள்கை முடிவாகக் கண்டு, அதில் அவினாசிலிங்கத்தின் சட்டப் பயிற்சிக்கும் ஆட்சி அனுபவத்திற்கும் உள்ள இடத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொது நூலகச் சட்டம், கலைக்களஞ்சியத் திட்டம், பாரதி நாட்டுடைமை ஆகிய மூன்றும் ஒரே கொள்கையின் மூன்று முகங்கள் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

திறவுச் சொற்கள்: பதிப்புரிமை, நாட்டுடைமை, பொதுவுடைமை, பாரதி பதிப்பு வரலாறு, பொது நூலகச் சட்டம், மலிவுப் பதிப்பு, வடசென்னை.

முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாறு குறித்த ஆய்வுகள் சுவடி தேடியோரையும் பதிப்பித்தோரையும் விரிவாகப் பேசியுள்ளன. பதிப்பித்த நூல் யாருக்குச் சொந்தம் என்னும் வினா அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. அச்சு நூல் ஒரு பண்டமாக மாறிய நாள் தொட்டே இவ்வினா எழுந்துவிட்டது. சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்களிலும்கூட, உரியவர் அனுமதியின்றி அச்சிடலாகாது என்னும் எச்சரிக்கைகளைக் காண முடிகிறது. காலணா, அரையணா விலையுள்ள நூலுக்கும் உரிமை உண்டென்று வெளியிட்டோர் கருதியிருந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

இந்த வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டில் தமிழகம் அளித்த மிகப் பெரிய விடை பாரதி படைப்புகளின் நாட்டுடைமை. ஒரு கவிஞரின் எழுத்துரிமையை அரசே விலை கொடுத்துப் பெற்று, பின்னர் அதனை மக்களுக்கே விட்டுக்கொடுத்த நிகழ்வு உலகப் பதிப்புரிமை வரலாற்றிலேயே அரிதானது. இதனைப் பேசுவோர் முதலமைச்சர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் உறுதியையும், ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் விட்டுக்கொடுத்தலையும் நினைவுகூர்வர். அத்துறையின் அமைச்சராக இருந்தவரோ அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகிறார். அக்குறையை நிரப்பும் வகையில் அவருடைய வாழ்க்கையை மீண்டும் வாசிப்பது தேவையாகிறது.

பிறப்பும் சட்டப் பயிற்சியும்

அவினாசிலிங்கம் 1903 மே 5ஆம் நாள் திருப்பூரில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கொங்கு நாட்டில் தொடக்கக் கல்வி பெற்றபின் சென்னையில் பட்டப்படிப்பும் சட்டப்படிப்பும் முடித்தார். பின்னர்க் கோயம்புத்தூர் திரும்பி, உறவினரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமான தி.அ. இராமலிங்கம் செட்டியாருடன் இணைந்து 1920களின் பிற்பகுதியில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

இராமலிங்கம் செட்டியார் கூட்டுறவு இயக்க முன்னோடிகளுள் ஒருவர். பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் விளங்கியவர். ஒப்பந்தம், கடன், பங்கு, உரிமை மாற்றம் ஆகியவை அன்றைய கோவை வழக்கறிஞர்களின் அன்றாடப் பணியாக இருந்தன. தனியுடைமையை அழிக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் பொதுநலத்தை வளர்க்கும் வழியாகக் கூட்டுறவு கருதப்பட்ட காலம் அது. அத்தகைய சூழலில் தொழில் பயின்ற ஒருவர் இருபது ஆண்டுகளுக்குப்பின் ஓர் எழுத்துரிமைச் சிக்கலை அணுகிய முறையில் அப்பயிற்சியின் சாயலைக் காணலாம்.

தொழிலில் நிலைபெறும் வாய்ப்பிருந்தும் அவர் நெடுநாள் அதில் தங்கவில்லை. இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டு, திருமணம் செய்துகொள்ளாமல் கல்விப் பணிக்கும் நாட்டுப் பணிக்கும் தம்மை ஒப்படைத்தார். 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைச் சிறிய அளவில் தொடங்கினார். அதன் கட்டடத்திற்கு 1934இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். பின்னர் அந்நிறுவனம் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றி வளர்ந்தது. சாதி வேறுபாடின்றி மாணவர் ஒன்றாகத் தங்கி, உண்டு, பயிலும் இடமாக அது அமைந்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அவர் பலமுறை சிறை சென்றார்.

1935 முதல் 1945 வரை அவர் மத்திய சட்டசபை உறுப்பினராக இருந்தார். வழக்குமன்றத்தில் சட்டத்தைப் பயன்படுத்திய ஒருவர் சட்டம் உருவாகும் இடத்திற்குச் சென்ற காலம் இது. எந்தப் பொருள் மத்திய அரசுக்குரியது, எது மாகாணத்திற்குரியது என்பதில் தெளிவு பெற இப்பத்தாண்டு அனுபவம் அவருக்கு உதவியிருக்க வேண்டும். பதிப்புரிமைச் சிக்கலில் இத்தெளிவின் பயனைப் பின்னர்க் காண்போம்.

பாரதி எழுத்துரிமை கைமாறிய வரலாறு

அமைச்சர் முன் வந்த சிக்கலின் தன்மையை அறிய, பாரதியின் எழுத்துரிமை கைமாறிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். பாரதி தம் வாழ்நாளில் நூல் வெளியீட்டால் பெரும்பயன் அடைந்தவர் அல்லர். 1907ஆம் ஆண்டளவில் அவருடைய நாட்டுப் பாடல்கள் சிலவற்றைச் சென்னை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அரசியலில் மிதவாதியான அவர் தீவிரவாதியான கவிஞரின் பாடலை மக்களிடம் சேர்த்தது வியப்பிற்குரியது. தம் படைப்புகள் அனைத்தையும் வரிசையாக அச்சிட்டு மலிவு விலையில் பரப்பும் திட்டமொன்றைப் பாரதி 1920இல் வகுத்தார். அது நிறைவேறுமுன் 1921 செப்டம்பரில் மறைந்தார்.

அவருக்குப்பின் செல்லம்மா பாரதி வெளியீட்டு முயற்சியில் இறங்கினார். பாரதி ஆச்சிரமம் என்னும் பெயரில் சில நூல்கள் வெளிவந்தன. தொடர்ந்து நடத்தும் பொருள்வலிமை அக்குடும்பத்திற்கு இல்லை. பின்னர்ப் பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் உறவினர் சிலரும் சேர்ந்து பாரதி பிரசுராலயத்தை நிறுவினர். 1931இல் உரிமை முழுவதும் விசுவநாதன் கைக்கு வந்தது. பாரதி நூல்கள் ஓரளவு ஒழுங்கான தொகுதிகளாக மக்களுக்குக் கிடைத்தது இப்பிரசுராலயத்தின் உழைப்பால்தான். 1928இல் அரசு பாரதி நூல்களைப் பறிமுதல் செய்தபோது அதன் இழப்பையும் இடரையும் தாங்கியவர்கள் இவர்களே. சட்டமன்றத்தில் அப்பறிமுதலைக் கண்டித்துப் பேசிய சத்தியமூர்த்தியும் ஒரு வழக்கறிஞரே என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

அன்று நடைமுறையில் இருந்தது 1914ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். அது 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவியது. அதன்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் ஐம்பதாண்டும் உரிமை நீடிக்கும். அவ்வாறாயின் பாரதியின் படைப்புகள் 1971 வரை தனியார் உடைமையாகவே இருந்திருக்கும். மேலும், அச்சிடும் உரிமை, இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பதிவு செய்யும் உரிமை ஆகியவற்றைத் தனித்தனியே பகுத்து வெவ்வேறு நபர்களுக்கு மாற்றித் தரவும் அச்சட்டம் இடமளித்தது.

இந்தப் பகுப்பே சிக்கலின் தொடக்கமாயிற்று. 1930களில் இசைத்தட்டு வணிகம் பெருகியபோது, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஜெய்சிங்லால் மேத்தா என்னும் வணிகருக்குச் சென்றது. அவரிடமிருந்து 1940களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதனைப் பெற்றார். அவர் தயாரித்த ‘நாம் இருவர்’ (1947) திரைப்படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் ஒலித்த பாரதி பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இதனைத் தொடர்ந்து டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்கணன்’ (1948) திரைப்படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமை மீறல் எனக் கூறி வழக்குத் தொடுக்கப்பட்டது. சட்ட நோக்கில் உரிமையாளரின் வாதம் வலுவானது. மக்களின் நோக்கிலோ, விடுதலைக்காகப் பாடியவனின் பாடல் விடுதலை பெற்ற நாட்டில் விலங்கிடப்பட்டதாகத் தோன்றியது.

கோரிக்கை உருப்பெற்ற விதம்

1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது. நினைவுச் சின்னம் எழுந்தபின், படைப்புகளின் நிலை என்ன என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் இக்கோரிக்கையை முன்னெடுத்தனர். பாரதி விடுதலைக் கழகம் என்னும் அமைப்பும் தோன்றியது. செல்லம்மா பாரதியைச் சந்தித்து அவருடைய இசைவைப் பெறும் முயற்சியும் நடந்தது.

இக்கோரிக்கைக்கு வடசென்னையுடனும் ஒரு தொடர்பு உண்டு. பாரதியைத் தொழிலாளர் மேடைகளுக்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் ப. ஜீவானந்தம். அவர் 1952இல் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். துறைமுகம், இரயில்வே, நூற்பாலை ஆகியவற்றை நம்பி வாழ்ந்த இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதித் தொழிலாளர்க்குப் பாரதி முதலில் மேடைப் பாடலாகவே அறிமுகமானார். அச்சு நூல் பின்னரே வந்தது. குஜிலிப் பதிப்புகளும் கொண்டித்தோப்பு அச்சகங்களின் பெரிய எழுத்துப் பதிப்புகளும் இப்பகுதி வாசகர்க்குப் பழகிய நூல்வடிவங்கள். கதைப்பாடலும் சித்தர் பாடலும் அவ்வடிவத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றுக்கு உரிமை கோருவார் இல்லை என்பதே காரணம். பாரதியின் நூல் அவ்வரிசையில் சேர முடியாமல் நின்றதற்குச் சட்டமே தடையாக இருந்தது. ஆகவே எழுத்துரிமை பற்றிய விவாதம் எழுத்தாளர்க்கும் படத் தயாரிப்பாளர்க்கும் இடைப்பட்ட பூசல் மட்டுமன்று. கூலித் தொழிலாளி ஒருவர் எந்த நூலை வாங்க முடியும் என்பதைத் தீர்மானிக்கும் வினாவும் ஆகும்.

சட்டத்தின் எல்லையும் தீர்வின் வடிவமும்

இந்நிலையில் மாகாண அரசின் முன் எத்தகைய வழிகள் இருந்தன? முதலாவது, சட்டம் இயற்றி உரிமையை எடுத்துக்கொள்வது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பதிப்புரிமையை மத்தியப் பட்டியலில் வைத்திருந்தது. இன்றைய அரசமைப்பிலும் அது ஒன்றியப் பட்டியலிலேயே உள்ளது. எனவே உரிமையின் காலத்தைக் குறைக்கவோ, குறிப்பிட்ட ஆசிரியர் ஒருவரின் நூல்களுக்கு விலக்கு அளிக்கவோ சென்னைச் சட்டமன்றத்திற்கு அதிகாரம் இல்லை. இரண்டாவது, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருப்பது. ஒலிப்பதிவு உரிமை முறையாக விலைக்கு வாங்கப்பட்டது என்பதால் தீர்ப்புப் பொதுமக்களுக்குச் சார்பாக அமையும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மூன்றாவது, அரசே ஒரு தனியாளைப் போல ஒப்பந்தம் செய்து உரிமையை விலைக்குப் பெறுவது.

ஓமந்தூரார் அமைச்சரவை மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. நாட்டுடைமை என்னும் சொல் வழக்கில் வேரூன்றிவிட்டதால், அரசு அதிகாரத்தால் பறித்துக்கொண்டது என்னும் எண்ணம் சிலரிடம் உண்டு. நடந்தது பறிமுதல் அன்று, உரிமை மாற்றம். சட்டத்தின் எல்லையை மீறாமல் சட்டத்தின் நோக்கத்தை விரிவாக்கிய தீர்வு அது. இத்தீர்வில் அமைச்சராக இருந்த வழக்கறிஞரின் பங்கை இங்கேதான் தேட வேண்டும். மத்திய சட்டசபையில் பத்தாண்டு இருந்தவர் மாகாண அதிகாரத்தின் எல்லையை அறிந்தவர். கூட்டுறவுச் சூழலில் தொழில் பயின்றவர் ஒப்பந்தத்தின் வலிமையை அறிந்தவர். காந்திய நெறியில் நின்றவர் உடையவரின் மனமாற்றத்தை நம்பியவர். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த தீர்வாக அந்நாட்டுடைமை விளங்குகிறது.

முதலமைச்சரின் வேண்டுகோளை ஏற்று மெய்யப்பச் செட்டியார் ஒலிப்பதிவு உரிமையை இழப்பீடு பெறாமல் அரசிடம் ஒப்படைத்தார். அச்சுரிமைக்காக விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் வழங்கப்பட்டது. செல்லம்மா பாரதிக்கும், மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா ஆகியோர்க்கும் தலா 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. 1949 மார்ச் 12ஆம் நாள் நாட்டுடைமை நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 6ஆம் நாள், ஓமந்தூரார் அமைச்சரவை பதவி விலகியது. அவினாசிலிங்கத்தின் அமைச்சுப் பொறுப்பும் அவ்வாண்டே முடிவுற்றது. சில கிழமைகள் தாழ்ந்திருந்தால் இம்முயற்சி என்னவாகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இழப்பீடும் அறவுரிமையும்

இத்தொகைகளின் பகுப்பை ஆய்வாளர் ஊன்றி நோக்குதல் வேண்டும். சட்டப்படி 1949இல் அச்சுரிமையின் உடைமையாளர் விசுவநாதன் ஒருவரே. குடும்பத்தின் உரிமை பல ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிவிட்டது. ஆகவே செல்லம்மாவுக்கும் மகள்களுக்கும் அரசு எதுவும் தரவேண்டிய கடப்பாடு இல்லை. அவ்வாறு இருந்தும் தந்தது. விற்றுவிட்டவர்க்கும் ஓர் உரிமை எஞ்சியிருக்கிறது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம். பதிப்புரிமைச் சட்டம் உடைமையாளரை மட்டுமே அறியும். இக்கொள்கை முடிவு உடைமையாளரோடு உறவையும் வறுமையையும் அறிந்திருந்தது.

அதே வேளையில் இப்பகுப்பின் மறுபக்கத்தையும் கூறாமல் விட இயலாது. கவிஞருடன் வறுமையைப் பகிர்ந்த மனைவிக்குக் கிடைத்தது, பதிப்பாளரான தம்பிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. பிரசுராலயத்தின் உழைப்பையும் முதலீட்டையும் கருதினால் விசுவநாதனுக்குத் தந்தது மிகையன்று. ஆயினும் வறுமையின் நெருக்கடியில் கைமாறிய உரிமைக்கு எத்தனை ஆண்டு கழித்து எவ்வாறு ஈடுசெய்வது என்னும் வினாவை இத்தொகைகள் எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. செல்லம்மா 1955இல் மறைந்தார். நாட்டுடைமை பற்றிய பெருமிதத்துடன் இவ்வினாவையும் சேர்த்து வாசிப்பதே நடுநிலை ஆய்வாகும்.

நாட்டுடைமையிலிருந்து பொதுவுடைமைக்கு

1949இல் நிகழ்ந்தது முதற்படி மட்டுமே. உரிமை தனியாரிடமிருந்து அரசுக்கு மாறியது. அரசு இப்போது ஒரே உடைமையாளர். அரசு நினைத்தால் அனுமதி தரலாம், மறுக்கலாம், காலம் தாழ்த்தலாம். 1950களின் தொடக்கத்தில் பாரதி நூல்களை அரசே தொகுதிகளாக வெளியிட்டது. அரசுப் பதிப்புகள் மட்டுமே போதும் என்னும் நிலை நீடித்திருந்தால் தனியார் முற்றுரிமையின் இடத்தில் அரசு முற்றுரிமை அமர்ந்திருக்கும்.

அந்நிலை நீடிக்கவில்லை. 1950களின் இடைப்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும் இருந்த காலத்தில், பாரதி படைப்புகளை யாரும் வெளியிடலாம் என அரசு தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. சுப்பிரமணியமும் கோவை வழக்கறிஞரே. அவினாசிலிங்கம் தொடங்கியதை அதே மண்ணைச் சார்ந்த மற்றொரு வழக்கறிஞர் நிறைவு செய்தார். நாட்டுடைமை, பொதுவுடைமை என்னும் இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் ஆளும் வழக்கம் ஆய்வுலகிலும் காணப்படுகிறது. முன்னது உடைமையாளர் மாறுவது, பின்னது உடைமையே இல்லாமற் போவது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ளுதல் பிற்காலக் கொள்கைகளை மதிப்பிடவும் உதவும்.

இம்முடிவின் அருமையை ஓர் ஒப்பீடு விளக்கும். தாகூர் 1941இல் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. ஐம்பதாண்டு நிறைவுறும் நிலையில் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டு உரிமைக்காலம் அறுபதாண்டாக நீட்டப்பட்டது. அதனால் 2001 வரை அவர் நூல்கள் ஒரு நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தன. காந்தியடிகளின் எழுத்துரிமை நவஜீவன் அறக்கட்டளையிடம் 2008 இறுதிவரை இருந்தது. இவ்விரு நிறுவனங்களும் பொறுப்புடன் நடந்துகொண்டவையே. ஆயினும் பாரதி, இவர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, அனைவர்க்கும் உரியவரானார். பாரதி தமிழ்நாட்டின் எல்லாத் தெருக்களிலும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூலகம், கலைக்களஞ்சியம், எழுத்துரிமை

பாரதி நாட்டுடைமையைத் தனி நிகழ்வாகக் காணும்வரை அதில் அவினாசிலிங்கத்தின் இடம் தெளிவுறாது. அவருடைய அமைச்சுக் காலத்தின் பிற பணிகளோடு இணைத்துக் காணுதல் வேண்டும். 1946இல் அவர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகத்தின் முதன்மைப் பணியாகிய கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. தமிழில் அறிவுத்துறைகள் அனைத்தையும் ஒருங்கு திரட்டிய முதல் பெருமுயற்சி அது. குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாகப் பின்தொடர்ந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வியை நிலைநிறுத்துவதிலும் அவர் முனைந்து நின்றார்.

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நூலகவியல் அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதனின் நெடுநாள் கனவு அவினாசிலிங்கம் அமைச்சராக இருந்தபோது சட்ட வடிவம் பெற்றது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றியது சென்னையே. சொத்து வரியோடு நூலக வரியும் பெற்று, சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தனித்தனி நூலக ஆணைக்குழு அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. சென்னை நகர எல்லைக்குள் இருந்த இராயபுரமும், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரும் எண்ணூரும் இருவேறு ஆணைக்குழுக்களின் கீழ் இதன் பயனைப் பெறலாயின. வீட்டு வரி செலுத்துவோரின் பணத்தில் வாடகைக் குடியிருப்பில் வாழும் தொழிலாளியின் பிள்ளை நூல் எடுத்துப் படிக்கலாம் என்பதே இச்சட்டத்தின் சாரம்.

இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால் கொள்கையின் முழுவடிவம் புலனாகும். கலைக்களஞ்சியம் தமிழில் இல்லாத அறிவை உருவாக்கியது. நூலகச் சட்டம் உள்ள நூலை வாங்க இயலாதவர்க்குச் சேர்த்தது. நாட்டுடைமை, நூலுக்கும் மக்களுக்கும் இடையிலிருந்த உரிமைத் தடையை அகற்றியது. ஆக்கம், வழங்கல், விடுவிப்பு என்னும் மூன்றும் சேர்ந்தே அறிவுப் பரவல் நிறைவுறும். அவினாசிலிங்கம் பதிப்புரிமை பற்றித் தனிக்கோட்பாடு வகுத்தவர் அல்லர். ஆயினும் மூன்றாண்டுக் காலத்தில் அவர் துறை செய்தவற்றை வரிசைப்படுத்தினால் ஒரு கோட்பாடே கிடைக்கிறது.

விளைவுகள்: பதிப்பும் பாடமும்

நாட்டுடைமைக்குப்பின் பாரதியியல் புதிய தளத்தில் வளர்ந்தது. சுதேசமித்திரன் இதழ்களில் புதைந்து கிடந்த எழுத்துகளைத் தேடித் தூரன் தொகுத்த ‘பாரதி தமிழ்’ 1953இல் வெளிவந்தது. தூரன் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். அவினாசிலிங்கத்தின் கல்விப் பணியோடு நெருங்கிய தொடர்புடையவர். ரா.அ. பத்மநாபனின் ‘சித்திர பாரதி’ 1957இல் வெளிவந்தது. பிற்காலத்தில் சீனி. விசுவநாதன் படைப்புகளைக் கால வரிசையில் பதிப்பித்தார். யாரிடமும் அனுமதி பெற வேண்டாத நிலை இத்தகைய தேடலுக்குப் பெருந்துணை புரிந்தது எனலாம்.

இதனோடு ஒரு குறையும் சேர்ந்தே வளர்ந்தது. யாரும் அச்சிடலாம் என்றபோது, எந்தப் பாடத்தை அச்சிடுவது என்பதற்குப் பொறுப்பாளர் இல்லாமற் போயிற்று. ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சிட்ட மலிவுப் பதிப்புகளில் பாட வேறுபாடுகளும் அச்சுப் பிழைகளும் பெருகின. விலை குறைந்தது, சில இடங்களில் பாடத்தின் தூய்மையும் குறைந்தது. அவினாசிலிங்கத்தின் கொள்கையில் ஆக்கத்திற்குக் கழகமும், வழங்கலுக்கு ஆணைக்குழுவும் அமைந்தன. விடுவிக்கப்பட்ட நூலின் பாடத்தைக் காக்கும் நிலையான அமைப்பு ஒன்று அமையவில்லை. அப்பணி தனி அறிஞர்களின் தோளிலேயே விழுந்தது.

இந்த முன்மாதிரியைப் பின்பற்றித் தமிழக அரசு பிற்காலத்தில் பாரதிதாசன் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கிப் பரிவுத் தொகை வழங்கியுள்ளது. மரபுரிமையர் சிலர் ஏற்க மறுத்ததும் உண்டு. மறுக்கும் உரிமை அவர்க்கு இருப்பதே இது ஒப்பந்தமுறை என்பதைக் காட்டுகிறது. 1949இன் முடிவு மக்களின் கோரிக்கையிலிருந்து எழுந்தது. பின்னைய அறிவிப்புகள் பல மரபுரிமையர்க்கு உதவும் நோக்கத்தையே முதன்மையாகக் கொண்டவை. நாட்டுடைமையான நூல்களுள் பல மறுபதிப்புக் காணாமலே இருப்பதும் கண்கூடு. விடுவித்தல் மட்டும் வாசகரைச் சேர்த்துவிடாது. ஆக்கமும் வழங்கலும் உடன்வர வேண்டும் என்னும் பாடத்தை அவினாசிலிங்கத்தின் அமைச்சுக் காலம் இன்றும் நினைவூட்டுகிறது.

பிற்காலம்

அமைச்சுப் பொறுப்பிற்குப்பின் அவர் 1952 முதல் 1957 வரை திருப்பூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும், 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும் பணியாற்றினார். 1957இல் கோவையில் அவர் நிறுவிய மகளிர் மனையியல் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1970இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1991 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். தமக்கென ஒரு குடும்பமோ உடைமையோ தேடாத ஒருவர், பிறர் உடைமையைப் பொதுவாக்கும் பணியில் எவரையும் பகைக்காமல் நடந்துகொண்டார் என்பது அவர் வாழ்க்கையை நோக்குவார்க்குப் புலப்படும்.

முடிவுரை

பாரதி படைப்புகளின் நாட்டுடைமை ஒரு முதலமைச்சரின் உறுதியாலும் ஒரு வணிகரின் பெருந்தன்மையாலும் எழுத்தாளர்களின் போராட்டத்தாலும் நிகழ்ந்தது. அதனைச் சட்டத்தின் எல்லைக்குள் நிகழ்த்துவதற்கு உகந்த சட்டப் பயிற்சியும் ஆட்சி அனுபவமும் கல்வி அமைச்சரிடம் இருந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டியது. மாகாணத்திற்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லாத பொருளில், ஒப்பந்தத்தின் வழியே பொதுநலன் பேணப்பட்டது. சட்டம் கேளாத இடத்திலும் கவிஞரின் குடும்பத்திற்கு அறவுரிமை உண்டென ஏற்கப்பட்டது. பொது நூலகச் சட்டத்தோடும் கலைக்களஞ்சியத்தோடும் சேர்த்துக் காணும்போது இது ஒரு முழுமையான அறிவுக் கொள்கையின் பகுதியாகப் புலப்படுகிறது.

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நடைபாதைக் கடை ஒன்றில் பாரதி கவிதைத் தொகுதியை இன்று மிகக் குறைந்த விலைக்கு வாங்கும் வாசகர் அதன் பின்னுள்ள உரிமை வரலாற்றை அறிந்திருக்க வேண்டியதில்லை. அறிய வேண்டாத அளவிற்கு அது இயல்பாகிவிட்டது என்பதே அக்கொள்கையின் வெற்றி. தமிழாய்வாளர்க்கோ அவ்வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும். பிற தமிழ்ப் படைப்பாளர் பலரின் எழுத்துரிமை கைமாறிய கதைகள் ஆவணக் காப்பகங்களிலும் வழக்குமன்றப் பதிவுகளிலும் இன்னும் ஆராயப்படாமல் உள்ளன. சுவடி தேடிய ஊக்கத்துடன் உரிமைப் பத்திரங்களையும் தேடினால் தமிழ்ப் பதிப்பு வரலாறு மேலும் தெளிவுறும்.